துபாயில் இருக்கும் பிலிப்பைன்ஸ் மனைவியை பெங்களூருக்குக் கூட்டிவர எது வழி? ஏஜென்ட் சொல்வதை நம்பலாமா?

மர்ஃபிடவுன்_கிச்சன் எழுதியது:

வணக்கம் மக்களே. மூணு வருஷமா சத்தமில்லாமப் படிச்சுட்டுப் போறவன், இப்பத்தான் முதல் தடவை வாய் திறக்கிறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

நான் பெங்களூர் மர்ஃபி டவுன். ஒன்பது வருஷம் துபாயில ஓட்டல் கிச்சன். அங்கதான் அவளைப் பார்த்தேன். பிலிப்பைன்ஸ், இலோய்லோ பக்கம். பல் கிளினிக்ல ரிசப்ஷன் வேலை. அபுதாபி சிவில் கோர்ட்ல கல்யாணம் பண்ணிக்கிட்டோம். 14 மாசம் ஆச்சு. சர்டிஃபிகேட் அரபியிலயும் இங்கிலீஷ்லயும் இருக்கு, அதோட சரி. வேற எங்கயும் பதியல.

போன ஆடி மாசம் அம்மா குளியலறையில வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சுது. அப்பா இல்ல. தங்கச்சி ஓசூர்ல, அவளுக்குக் கைக்குழந்தை. வேலையை விட்டுட்டு வந்துட்டேன். இப்ப இங்க ஒரு கேட்டரிங் கிச்சன்ல இருக்கேன், சம்பளம் துபாயில வாங்கினதுல பாதி கூட இல்ல. அவளோட காண்ட்ராக்ட் இன்னும் மூணு மாசத்துல முடியுது. ரெனியூ பண்ணல, நேரா உன் வீட்டுக்கே வந்துடறேன்னு சொல்லிட்டா. அம்மாவும் தினம் வீடியோ காலில் அவகிட்ட "எப்போம்மா வர்ற"ன்னு தமிழ்லயே கேக்கறாங்க. அவ "சூன், அம்மா, சூன்"ங்கறா. நடுவுல நான்தான் திருதிருன்னு முழிக்கிறேன்.

கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு மாடியில ஏஜென்ட் ஒருத்தரைப் பார்த்தேன். "ஸ்பவுஸ் விசான்னு இந்தியாவுல ஒண்ணும் கிடையாது தம்பி. பிசினஸ் விசா போட்டுத் தர்றேன், 1,80,000 ஆகும்"னார். 10,000 அட்வான்ஸ் கொடுத்துட்டேன். மறுநாள் போன் பண்ணி, பிசினஸ் விசா கஷ்டமா இருந்தா ஸ்டூடண்ட் விசா போட்டுடலாம், ஸ்போக்கன் இங்கிலீஷ் கோர்ஸ்ல சேர்த்துடலாம்னார். அவ இங்கிலீஷைக் கேட்டிருந்தா அந்த ஏஜென்டே போய் அவகிட்ட கோர்ஸ்ல சேர்ந்திருப்பார். அப்பத்தான் எனக்கு வயித்தைக் கலக்க ஆரம்பிச்சுது.

லண்டன்ல இருக்கற சித்தப்பா பையன் வேற, "ஏதோ சிங் ரூட்னு ஒண்ணு இருக்கு, வேற ஒரு நாட்டுல கொஞ்ச நாள் குடியிருந்துட்டு அப்படியே உள்ள கூட்டிட்டு வந்துடலாம்"னு வாட்ஸாப்புல எழுதறான். வீட்டு ஓனரோ, "ஃபாரினர்னா போலீஸ் வருமாமே"ன்னு இப்பவே முகத்தைச் சுளிக்கிறார்.

என் கேள்வி இவ்வளவுதான். டூரிஸ்ட் விசாவுல கூட்டிட்டு வந்து இங்க மாத்திக்கலாமா? ஏஜென்ட் சொன்ன குறுக்குவழியா? இல்ல நேர்வழின்னு ஒண்ணு நிஜமாவே இருக்கா? என் சம்பளத்தைப் பார்த்துட்டு முடியாதுன்னு சொல்லிடுவாங்களா?

———

சில்க்போர்டு_சிக்னல் எழுதியது:

ப்ரோ, ஓவரா யோசிக்கிறீங்க. இ-டூரிஸ்ட் விசா ஆன்லைன்லயே வந்துடும். கூட்டிட்டு வாங்க, அப்புறம் மாத்திக்கலாம். என் ஆபீஸ் ஃப்ரெண்ட் ரஷ்யா பொண்ணை அப்படித்தான் கூட்டிட்டு வந்தான். நம்ம ஊர்ல யார் கேக்கப் போறா?

———

ஜாலஹள்ளி_தாத்தா எழுதியது:

தம்பி, எனக்கு வயது 68. பொதுத்துறை ஆலை ஒன்றில் 34 வருடம் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். என் மருமகளும் பிலிப்பைன்ஸ்தான். அவள் சம்பந்தப்பட்ட காகிதம் அத்தனையும் என் கையால் போனது. அந்த நீல ஃபைல் இப்போதும் பூஜை அலமாரிக்குக் கீழே இருக்கிறது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த ஏஜென்ட். அவர் சொன்னது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. ஸ்பவுஸ் விசா என்ற பெயரில் இந்தியாவில் விசா இல்லை என்பது சரி. அதன் பெயர் என்ட்ரி விசா, குறி எக்ஸ். இந்தியக் குடிமகனின் மனைவி, கணவன், பிள்ளைகளுக்கு வரும் வகைக்கு எக்ஸ்-2 என்று பெயர். பெயரை மறைத்து, ஊரில் கடையே இல்லை என்று சொல்லிவிட்டார். வியாபாரம் செய்யாதவளுக்கு பிசினஸ் விசா, படிக்காதவளுக்கு ஸ்டூடண்ட் விசா என்று வாங்கினால் அதில் பொய் சொல்லிக் கையெழுத்துப் போடுவது அவரல்ல, உன் மனைவி. நாளைக்குக் கண்டுபிடித்தால் கறுப்புப் பட்டியலில் ஏறுவதும் அவள் பெயர்தான். 10,000 போனது போகட்டும், மீதி 1,70,000 தப்பியது என்று நினைத்துக்கொள்.

லண்டன் தம்பி சொல்லும் சிங் ரூட் பற்றி எனக்குத் தெரியும், சிரிப்பும் வந்தது. சுரிந்தர் சிங் நம் நாட்டுக்காரர். பிரிட்டிஷ் பெண்ணைக் கட்டியவர். இருவரும் ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு பிரிட்டன் திரும்பினார்கள். ஐரோப்பிய நீதிமன்றம் 1992 ஜூலையில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இன்னொரு நாட்டில் வேலை பார்த்துவிட்டுத் தன் நாட்டுக்குத் திரும்புகிறவர், தன் துணையையும் ஒன்றியச் சட்டப்படி உடன் கூட்டிவரலாம் என்று. பிரிட்டன்காரர்கள் பல வருடம் அந்த வழியில் அயர்லாந்துக்கும் ஸ்பெயினுக்கும் போய்த் திரும்பினார்கள். அங்கே வருமான வரம்பு ஒன்று உண்டு. 18,600 பவுண்டாக இருந்தது, 2024 ஏப்ரலில் 29,000 ஆனது. அதைத் தாண்ட முடியாதவர்கள்தான் சுற்றிப் போனார்கள். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகியபின் அந்தக் கதவும் சாத்தியாயிற்று. பெயர்தான் நம்ம ஊர்ப் பெயர், வழி நமக்கானது அல்ல. உன் சம்பளக் கவலைக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. மனைவிக்கு எக்ஸ் விசா கேட்க இவ்வளவு சம்பாதிக்க வேண்டும் என்று இந்தியாவில் அந்த மாதிரிக் கோடு கிடையாது.

சிக்னல் தம்பி சொன்ன வழிக்கு வருகிறேன். டூரிஸ்ட் விசாவில் வந்து, இங்கே இந்தியரைக் கல்யாணம் செய்துகொண்டு, என்ட்ரி விசாவாக மாற்றிக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது. என் மருமகளே 2019-இல் அப்படித்தான். ஆனால் அவளிடம் இருந்தது மணிலா தூதரகம் பாஸ்போர்ட்டில் ஒட்டிக் கொடுத்த விசா. இ-விசா வேறு. நீட்டிக்க முடியாது, மாற்ற முடியாது என்று அரசாங்க வலைத்தளத்திலேயே போட்டிருக்கிறார்கள். ரஷ்யப் பெண்ணுக்கு நடந்தது என்றால் நடந்திருக்கட்டும். மூன்று மாதம் அவகாசம் கையில் இருக்கும்போது நீ எதற்கு அந்தச் சூதாட்டம் ஆட வேண்டும்?

அவள் துபாயில் இருக்கும்போதே அங்குள்ள இந்தியத் தூதரகம் வழியாக எக்ஸ்-2 கேட்கச் சொல். அவளுடைய துபாய் விசா உயிரோடு இருக்கிறவரைதான் அவள் அங்கே குடியிருப்பவள். கான்ட்ராக்ட் முடிந்து விசா ரத்தானால் மணிலா போய்த்தான் கேட்க வேண்டிவரும். உனக்கு மூன்று மாதம் என்பது உண்மையில் இரண்டு மாதம்தான்.

அதற்கு முன் அந்த அபுதாபி சர்டிஃபிகேட். வெறும் காகிதமாக அது இங்கே செல்லாது. முதலில் அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை, அதன்மேல் நம் தூதரகத்தின் முத்திரை. இரண்டும் விழுந்தபின் நாலு நகல் எடு. அசலை யார் கேட்டாலும் காட்டு, கொடுக்காதே.

இனி நான் பட்ட பாடு. நம்மாட்களுக்கு இனிஷியல் என்று ஒரு சனி உண்டு. என் மகன் ஸ்கூல் சர்டிஃபிகேட்டில் முன்னால் ஒற்றை எழுத்து, பிறகு பெயர். பாஸ்போர்ட்டில் என் முழுப்பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, அவன் பெயர் தனியாக. சிறப்புத் திருமணச் சட்டத்தில் நோட்டீஸ் கொடுக்கும்போது நான் பழக்க தோஷத்தில் இனிஷியல் போட்டே பெயரை எழுதிக் கொடுத்தேன். முப்பது நாள் போர்டில் தொங்கி, மூன்று சாட்சி கையெழுத்துப் போட்டு, சர்டிஃபிகேட்டும் அதே மாதிரி வந்துவிட்டது. நான் பெருமையாக லேமினேட் செய்யக் கொடுத்துவிட்டு வந்தேன். வெளிநாட்டவரைப் பதியும் அலுவலகமான எஃப்.ஆர்.ஆர்.ஓ.வின் இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. தளத்தில் விண்ணப்பம் ஏற்றினால், "சர்டிஃபிகேட்டில் உள்ளவரும் பாஸ்போர்ட்டில் உள்ளவரும் ஒருவர்தானா, விளக்கம் தரவும்" என்று திரும்பி வந்தது. நியாயமான கேள்வி, பிழை என்னுடையது. நோட்டரியிடம் முத்திரைத்தாளில் "இவரும் அவரும் ஒருவரே" என்று எழுதி வாங்கி ஏற்றினோம்.

அதோடு முடிந்ததா? பிலிப்பைன்ஸ்காரர்கள் பெயரில் மூன்று பகுதி. நடுவில் இருப்பது அம்மாவின் பிறந்தவீட்டுப் பெயர். நான் எழுதிய உறுதிமொழிக் கடிதத்தில், ஏதோ நடுப்பெயர்தானே என்று அதை விட்டுவிட்டேன். மருமகள் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "டாட், என் அம்மாவை எங்கே காணோம்?" என்றாள். மறுபடி டைப் அடித்தேன். அன்றைக்கு டைப்பிங் கடைக்காரரும் நானும் நண்பர்களாகிவிட்டோம். அபுதாபி சர்டிஃபிகேட் பாஸ்போர்ட்டைப் பார்த்தே அடித்திருப்பார்கள், இருந்தாலும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்.

வந்திறங்கியபின் இரண்டு கெடு. வீட்டில் வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தகவல் பதிய வேண்டும். எல்லாரும் ஃபார்ம் சி என்று சொல்வது இதைத்தான். ஓட்டலுக்கு மட்டும் இல்லை, வீட்டுக்கும் உண்டு. என் சொந்த மருமகளை என் சொந்த வீட்டில் தங்கவைத்ததற்கு லாட்ஜ்காரன் மாதிரி நானே ஆன்லைனில் பதிந்தேன், என்ன செய்ய. உன் வீட்டு ஓனருக்குப் பயம் இதுதான். பக்கத்தில் உட்கார்ந்து நீயே பதிந்துகொடு, பத்து நிமிட வேலை. இரண்டாவது, 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் வந்த 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ.வில் பதிவு. அநேகமாக ஆன்லைனிலேயே முடியும். கூப்பிட்டால் மட்டும் சாந்திநகர் பஸ் ஸ்டாண்ட் கட்டிடத்துக்குப் போக வேண்டும், டபுள் ரோட்டில் இருக்கிறதே, அது. 2025 செப்டம்பர் 1 முதல் பழைய 1946 சட்டம் போய்ப் புதுக் குடியேற்றச் சட்டம் வந்திருக்கிறது. படிவங்களின் பெயரும் எண்ணும் மாறும், அதனால் என் ஃபைலைப் பார்த்து நிரப்பாதே. அன்றைக்குத் தளத்தில் என்ன இருக்கிறதோ அதை நிரப்பு.

போலீஸ் வரும், வரட்டும். எங்கள் வீட்டுக்கு வந்த கான்ஸ்டபிள் தண்ணீர் குடித்தார், இருவரும் சேர்ந்திருக்கும் போட்டோ பார்த்தார், பிறகு வெளியே போய் எதிரே இஸ்திரி வண்டிக்காரரிடம் கன்னடத்தில், "அந்த வீட்டில் ஃபாரின் ஹெண்தி (மனைவி) இருக்காளா, நிஜமா?" என்று விசாரித்தார். நான் கேட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இஸ்திரிக்காரர் பெட்டியைக் கீழே வைக்காமலே, "இருக்கா சார். கஞ்சி ஜாஸ்தி போட்டுட்டேன்னு நேத்துதான் சண்டை போட்டா" என்றார். கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டு போய்விட்டார். எங்கள் ஃபைலில் அதைவிட உறுதியான சாட்சி வேறு எதுவும் இல்லை.

அடுத்து ஓ.சி.ஐ., அதாவது வெளிநாட்டவருக்கு இந்தியா தரும் நீண்டகால அட்டை. அதற்கு உன் கல்யாணம் பதிவாகி, தொடர்ந்து இரண்டு வருடம் ஆகியிருக்க வேண்டும். உனக்கு இன்னும் பத்து மாதம். பாதுகாப்புச் சரிபார்ப்பும் உண்டு. இங்கேயிருந்து விண்ணப்பித்தால் 15,000 ரூபாய். டூரிஸ்ட் விசாவில் இருந்துகொண்டு இங்கே ஓ.சி.ஐ. கேட்க முடியாது, எக்ஸ் விசா எடுக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

———

ஃப்ரேசர்டவுன்_அக்கா எழுதியது:

தாத்தா சொன்னதில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியதில்லை. ஆனால் எல்லாரும் ஃபைலைப் பற்றியே பேசுகிறீர்கள், வரப்போகிற பெண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. என் கணவர் கென்யாக்காரர். அதனால் அந்தப் பக்கத்து வலி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

கிச்சன் தம்பி, அவள் துபாயில் சொந்தச் சம்பளத்தில் நிற்கிறவள். எக்ஸ் விசாவில் வந்து இறங்கின மறுநாளே இங்கே வேலைக்குப் போய்விடலாம் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தால், இன்றைக்கே போன் போட்டுத் திருத்துங்கள். ஓ.சி.ஐ. வந்தால் வேலை செய்வதில் பெரும்பாலும் தடை இருக்காது. அரசாங்க வேலை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது, ஓட்டு இல்லை, முக்கியமானவை இவை. அதுவரை அவள் கையில் பணம் எப்படி இருக்கும் என்று இரண்டு பேரும் இப்போதே பேசிவிடுங்கள். என் வீட்டுக்காரர் முதல் ஒரு வருஷம் பெட்ரோலுக்கு என்னிடம் கேட்க வேண்டியிருந்தது. ஆறடி இரண்டு அங்குல மனுஷன், ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஐந்நூறு ரூபாய் இருக்குமா?" என்று கேட்பார். நான் கொடுப்பேன்தான். ஆனால் அந்த நிற்பு எனக்குப் பிடிக்கவே இல்லை. பிறகு மாசம் பிறந்ததும் அவர் டிராயரில் ஒரு தொகையை வைத்துவிடுவது என்று ஆனது.

இன்னொன்று. இந்த விசாவும் ஓ.சி.ஐ.யும் உங்கள் கல்யாணத்தின் மேல்தான் நிற்கின்றன. கல்யாணம் கோர்ட்டில் முறிந்தால் மனைவி என்ற முறையில் கிடைத்த ஓ.சி.ஐ.யை ரத்து செய்ய சட்டத்தில் இடம் இருக்கிறது. அபசகுனமாகச் சொல்லவில்லை. அவளுக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பூஜை அலமாரிக்கு அடியில் ஒரு நீல ஃபைல் இருந்தால், அதே மாதிரி இன்னொன்று அவள் பெட்டியில் இருக்கட்டும். தாத்தா கோவித்துக்கொள்ளக் கூடாது.

பெயரை மாற்றச் சொல்லி யாராவது ஆரம்பிப்பார்கள். வேண்டாம். பிலிப்பைன்ஸ் சட்டத்தில் கணவன் பெயரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாஸ்போர்ட் பெயர் மாறினால் தாத்தாவின் நோட்டரி கதை உங்களுக்கு மூன்று மடங்காக வரும். ஆனால் துபாயில் இருக்கும்போதே அவர்கள் நாட்டுத் தூதரகத்தில் கல்யாணத்தைத் தெரியப்படுத்தச் சொல்லுங்கள், ரிப்போர்ட் ஆஃப் மேரேஜ் என்பார்கள். அவர்கள் நாட்டில் சி.எஃப்.ஓ. என்று ஓர் அரசு அமைப்பு இருக்கிறது. வெளிநாட்டுக் கணவனோடு குடியேறப் போகிற பெண்கள் அதன் ஆலோசனை வகுப்பில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்க வேண்டும். துபாயிலிருந்து நேரே பெங்களூர் வந்தால் அது இப்போது குறுக்கே வராது. ஒரு கிறிஸ்துமஸுக்கு அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது மணிலா ஏர்போர்ட்டில் கேட்பார்கள். அன்றைக்கு நீங்கள் இங்கே போனைப் பிடித்துக்கொண்டு அழக்கூடாது.

———

ஜாலஹள்ளி_தாத்தா எழுதியது:

கோபம் இல்லை அம்மா. மருமகளிடம் நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். "ஐ ஆல்ரெடி ஹேவ் எ காப்பி, டாட்" என்கிறாள். எப்போது எடுத்தாள் என்றே எனக்குத் தெரியாது.

———

சில்க்போர்டு_சிக்னல் எழுதியது:

சரி சரி, நான் வாபஸ். ஃப்ரெண்டுகிட்ட கேட்டேன். அவன் பொண்டாட்டியோடதும் ஒட்டின விசாதானாம், இ-விசா இல்லையாம். கல்யாணமும் இங்க வந்துதான் நடந்துச்சாம்.

———

மர்ஃபிடவுன்_கிச்சன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றின்னு சொன்னா சின்னதாத் தெரியுது. பத்து நாள்ல நடந்ததை மட்டும் சொல்றேன்.

ஏஜென்ட்கிட்ட வேண்டாம்னுட்டேன். அட்வான்ஸ் வராதாம், "ப்ராசஸிங் ஆரம்பிச்சாச்சு"ங்கறார். என்ன ப்ராசஸிங்னு கேட்டதுக்குப் பதில் இல்ல. விட்டுட்டேன்.

சர்டிஃபிகேட்டை எழுத்துக்கு எழுத்து பார்த்தோம். தாத்தா, நீங்க சொன்ன நடுப்பெயர் அப்படியே இருக்கு, மாமியார் பத்திரம். என் பெயரும் பாஸ்போர்ட் மாதிரியே. ஆனா என் ஆதார்ல இனிஷியல், வாடகை ஒப்பந்தத்துல வேற ஸ்பெல்லிங். ஓனர்கிட்ட சொல்லி ஒப்பந்தத்தைப் புதுசா எழுதியாச்சு. அந்தப் பதிவையும் நானே போட்டுத் தர்றேன்னதும் மனுஷன் சிரிச்சுட்டார். அவருக்குப் பயம் போலீஸ் இல்லையாம், கம்ப்யூட்டராம்.

அக்கா, வேலை விஷயம் அவகிட்ட பேசினேன். கொஞ்ச நேரம் எதுவுமே சொல்லல. அப்புறம், "சரி, பத்து மாசம் உன் கேட்டரிங் கணக்கை நான் பார்க்கறேன், எனக்குச் சம்பளம் வேண்டாம், ஆனா பீரோ சாவி என்கிட்ட"ன்னா. அதையும் வேலைன்னு எடுத்துக்குவாங்களோன்னு ஒரு சந்தேகம், எஃப்.ஆர்.ஆர்.ஓ.வுல கேட்டுட்டுத்தான் செய்யணும்னு சொல்லியிருக்கேன். சாவி மட்டும் அம்மா இன்னைக்கே எடுத்துத் தனியா வெச்சுட்டாங்க.

அமைச்சக முத்திரை விழுந்தாச்சு. தூதரக முத்திரைக்கு வியாழக்கிழமை போறா. அடுத்த வாரம் எக்ஸ்-2 விண்ணப்பம்.

ஒரே ஒரு குறைதான் தாத்தா. எங்க தெருவுல இஸ்திரி வண்டி இல்ல. முனையில பூக்காரம்மா இருக்காங்க, அவங்ககிட்ட இப்பவே சொல்லி வெச்சிருக்கேன். "சண்டை போடுவாளா?"ன்னு கேக்கறாங்க. முழம் அளக்கறப்போ பக்கத்துல நின்னு பாருங்கன்னேன்.